“நல்லாத்தானே இருக்காரு” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்குத் தெரியாதது

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 39 வயது. ஈரோடு பக்கம் தறிப்பட்டறையில் மேஸ்திரியாக இருந்தார். 16 மாதங்களுக்கு முன்னால் ராத்திரி ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது எதிரே வந்த கார் மோதிவிட்டது. ஹெல்மெட் வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தலையில் ஆபரேஷன், 23 நாள் ஐசியு. இப்போது நடக்கிறார், பேசுகிறார், தானே சாப்பிடுகிறார். வருகிறவர்கள் எல்லாம் “நல்லாத்தானே இருக்காரு” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்குத்தான் தெரியும், இவர் அவர் இல்லை. சொன்னால்தான் குளிக்கிறார், சொன்னால் கோபம் வருகிறது. சாம்பார் நன்றாக இல்லை என்று தட்டை வீசுகிறார். எட்டாவது படிக்கும் பையன் முன்னால் கெட்ட வார்த்தை பேசுகிறார். ஒரு நாள் கேஸைத் திறந்துவிட்டுப் போய்விட்டார், கேட்டால் வாசனையே தெரியவில்லை என்கிறார். தனியாக விட முடியாததால் தையல் வேலையை நிறுத்திவிட்டேன். அத்தை, நான் சரியாகக் கவனிக்கவில்லை என்கிறார், குணசீலம் போய் 48 நாள் தங்க வேண்டும் என்கிறார். கொழுந்தனார் தீபாவளிக்கு வந்ததோடு சரி. போன மாதம் ஒரு ராத்திரி, ‘அன்னைக்கே போயிருந்தால்கூட…’ என்று நினைத்துவிட்டேன். அன்றிலிருந்து என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. இவர் பழையபடி ஆவாரா? நான் கெட்டவளா? (பெயர் வேண்டாம். நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது.)

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நான்கு பக்கம் தள்ளித் தள்ளி எழுதி, கடைசி வரியில்தான் அதைக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கெட்டவள் இல்லை. தலைக்காயம் பட்டவர்களின் குடும்பங்களோடு மருத்துவ உளவியலாளராகப் பதினேழு வருடம் வேலை செய்திருக்கிறேன், நீங்கள் எழுதிய அதே வாக்கியத்தை எத்தனையோ பேர், மனைவிமார், அம்மாக்கள், ஒரு வயதான அப்பா, கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அதே ஆளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவர்கள்தான். பராமரிப்பவரின் பாரத்தை அளக்க நாங்கள் பயன்படுத்தும் 22 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, ஸாரிட் படிவம் என்போம். இவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வேறு யாரிடமாவது விட்டுவிட்டால் போதும் என்று தோன்றுகிறதா என்பது அதில் ஒரு கேள்வி. உலகம் முழுக்க இந்தப் படிவத்தைக் கொடுத்துக் கேட்கிறார்கள் என்றால் அப்படித் தோன்றுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு வந்த நினைப்பு, அவர் சாக வேண்டும் என்ற ஆசை கிடையாது. இந்த நாள் எப்படியாவது முடிய வேண்டும் என்கிற களைப்பு, தூக்கமில்லாத மூளையில் அந்த வடிவத்தில் வந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் நேராகவே கேட்கிறேன். அந்த நினைப்பு ‘நான் போய்விட்டால் என்ன’, ‘ரெண்டு பேரும் சேர்ந்து’ என்று எப்போதாவது திரும்பியதா? கடிதத்தில் அப்படி இல்லை, ஆனால் எழுதாமல் விட்டிருக்கலாம். அப்படித் தோன்றினால் அந்த ராத்திரியே 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி-மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சரி, உங்கள் வீட்டுக்காரரின் தலைக்குள் என்ன நடந்தது என்று டிஸ்சார்ஜ் அன்று யாராவது உங்களை உட்கார வைத்துச் சொன்னார்களா? பெரும்பாலும் சொல்வதில்லை, தையல் பிரிக்க எப்போது வர வேண்டும், எந்த மாத்திரை எத்தனை வேளை என்பதோடு முடித்துவிடுகிறார்கள், அதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியில் முன்மூளையின் இரண்டு பக்கமும் கன்றிப்போயிருப்பதாக இருக்கிறது. மண்டையோட்டின் உள்தளம், நெற்றிக்குப் பின்னால், வழவழப்பாக இருக்காது, மேடும் பள்ளமும் கூரான விளிம்புமாக இருக்கும். வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்ட தலை சட்டென்று நிற்கும்போது உள்ளே மூளை அதன் மேல் போய் உரசுகிறது. அதனால்தான் அடி எங்கே பட்டிருந்தாலும் முன்மூளையின் அடிப்பக்கமும் நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் இருக்கும் பகுதியும் அதிகமாகக் காயப்படுகின்றன. அங்கேதான், மூக்குக்கு மேலே, சல்லடை மாதிரி ஓட்டைகள் உள்ள ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறது, வாசனை நரம்பின் இழைகள் அதற்குள் நுழைந்து மூளைக்குப் போகின்றன, மூளை ஆடும்போது அவை அறுந்துவிடக்கூடும். கேஸ் வாசனை தெரியவில்லை என்று அவர் சொன்னது சாக்கு இல்லை. சாம்பார் நன்றாக இல்லை என்று தட்டை வீசினாரே, அதிலும் பாதி இதுவாக இருக்கலாம். வாசனை போனால் ருசியில் பெரும்பகுதி போய்விடும், உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, நாக்கில் எரியும் காரம் மட்டும் மிஞ்சும், பெருங்காயமும் கொத்தமல்லியும் போட்ட உங்கள் சாம்பார் அவர் வாயில் வெறும் புளித்தண்ணீர். அடுத்த முறை மருத்துவரிடம் வாசனையைச் சோதிக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டரை ஒவ்வொரு முறையும் மூடிவிடுங்கள், முடிந்தால் கேஸ் கசிந்தால் சத்தம் போடும் கருவி ஒன்று வாங்கி மாட்டுங்கள், ஊசிப்போன சாப்பாடு அவருக்குத் தெரியாது என்பதால் பழைய குழம்பை அவர் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள்.

முன்மூளை செய்யும் வேலைகளில் இரண்டு உங்கள் வீட்டில் தினமும் தெரிகின்றன. ஒன்று, ஒரு காரியத்தைத் தொடங்கி வைப்பது. இன்னொன்று, வாய்க்கும் கைக்கும் வந்ததை நிறுத்திப் பிடிப்பது. வண்டிக்கு ஸ்டார்ட்டரும் பிரேக்கும் மாதிரி. உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டும் அடிபட்டிருக்கின்றன. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் குளிக்காமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் சோம்பேறித்தனம் மாதிரித்தான் இருக்கும், ஆனால் குளிக்க வேண்டும் என்று தெரிந்தும் உடம்பைக் கிளப்பிவிடும் அந்த முதல் தள்ளு அவருக்கு உள்ளிருந்து வருவதில்லை. கோபமும் அப்படித்தான். முன்பும் அவருக்கு எரிச்சல் வந்திருக்கும், வெளியே வருவதற்குள் அடக்கியிருப்பார். அவரிடம் கேட்டால் ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்பார், அதுவும் பிடிவாதம் கிடையாது, தன்னிடம் என்ன மாறியிருக்கிறது என்று கவனிக்கும் திறனும் காயத்தோடு சேர்ந்து குறைந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் அவர் பேசும் வார்த்தை வலிக்காது என்று நான் சொல்லமாட்டேன், வலிக்கும். ஆனால் ‘என்னைப் பிடிக்காமல்தான் இப்படிச் செய்கிறார்’ என்ற எண்ணத்தையாவது இறக்கி வைக்கலாம்.

மாத்திரைச் சீட்டையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. வலிப்பு வராமல் இருக்கக் கொடுக்கும் லெவெடிராசிட்டாம் அதில் இருக்கிறது. நல்ல மருந்துதான், ஆனால் சிலருக்கு அதுவே எரிச்சலையும் மூர்க்கத்தையும் கூட்டும், ஏற்கெனவே முன்மூளை அடிபட்டவரிடம் அது எதனால் வருகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். இந்த மாத்திரை தொடங்கிய பிறகு, அல்லது அளவு கூட்டிய பிறகு, கோபம் அதிகமானதா என்று தேதி போட்டு எழுதி நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்துவிடலாம். சாராயம், பீர், எதுவாக இருந்தாலும் ஒரு சொட்டுக்கூட வேண்டாம் என்பதை அவருடைய சிநேகிதர்களுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம் உங்களைப் பற்றி. நீங்கள் களைப்பு என்று எழுதியிருப்பதில் பெரிய பங்கு துக்கம். ஒருவர் இறந்துவிட்டால் நம் ஊரில் அதற்கு ஒரு வழி இருக்கிறது, ஊர் கூடி வரும், அழ விடும், காரியம் நடக்கும், பிறந்த வீட்டிலிருந்து கோடி வரும், வருடா வருடம் திதி வரும். உங்களோடு குடும்பம் நடத்திய அந்த மனிதர், ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது பையனுக்குப் பன் வாங்கி வந்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் இப்போது இல்லை, அவர் முகத்தோடு இன்னொருவர் அதே கட்டிலில் படுத்திருக்கிறார், இதற்குத் துக்கம் விசாரிக்க ஒருவரும் வரவில்லை, நீங்கள் அழுதால் ‘உயிரோட திரும்பி வந்ததுக்குச் சந்தோஷப்படாம’ என்கிறார்கள். அமெரிக்காவில் பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் மனைவிகளோடு 1970-களில் பேசியபோது இந்த மாதிரி முடிவு தெரியாத இழப்புக்கு ஒரு பெயர் வைத்தார், பிறகு ஆள் எதிரே இருந்தும் பழைய ஆளாக இல்லாத குடும்பங்களுக்கும் அதை விரித்தார். பெயர் எதுவானாலும் போகட்டும். நீங்கள் அழலாம், அவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்காக அழலாம், அது அபசகுனம் ஆகாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் கடுமையான தலைக்காயம் பட்டவர்களின் வீட்டாரைச் சில வருட இடைவெளிகளில் சந்தித்துக் கேட்டு, ஐந்தாம் வருடக் கணக்கை 1986-இல் வெளியிட்டார்கள். வருடங்கள் போகப் போக வீட்டாரின் பாரம் குறையவில்லை, கூடியிருந்தது. கை கால் குறைபாட்டைவிட குணம் மாறியதுதான் அவர்களை அதிகம் வாட்டியது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ‘இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டால் சரியாகிவிடும்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கணக்கில் வண்டியை ஓட்டாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இது பல வருட வேலை, ஒரு ஆளால் முடியாது.

வீட்டில் செய்யக்கூடியது என்று பார்த்தால், ஒரு நோட்டுப் போடுங்கள். அவர் வெடிக்கும் ஒவ்வொரு முறையும், அதற்கு முந்தைய அரை மணி நேரம் என்ன நடந்தது என்று இரண்டு வரி. மூன்று வாரத்தில் ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரியும். நான் பார்த்த பல வீடுகளில் அது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான், டிவி ஓடும், குக்கர் விசிலடிக்கும், பையன் பாடம் சொல்வான், யாராவது விசாரிக்க வந்திருப்பார்கள், காயம்பட்ட மூளைக்கு இவ்வளவையும் வடிகட்ட முடியாது, அதற்குள் அது களைத்தும் போயிருக்கும். மதியம் ஒரு மணி நேரம் படுக்க வையுங்கள், ஆறு மணிக்கு டிவியை நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். ‘ஏன் இன்னும் குளிக்கல?’ என்றால் சண்டை, பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு ‘தண்ணி ரெடி, வாங்க’ என்று கையைப் பிடித்து எழுப்பினால் பல நாட்கள் போய்விடுவார். நாளின் ஒழுங்கைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், அவர் அதைப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தால் சொல்கிற ஆள் நீங்களாக இருக்க மாட்டீர்கள், சுவராக இருக்கும், அதில் உங்கள் மேல் வரும் கோபம் பாதி குறையும். வெடிக்கும்போது நியாயம் பேசாதீர்கள், அந்த நேரம் எதுவும் உள்ளே போகாது, பக்கத்து அறைக்குப் போய்விடுங்கள்.

அடித்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டீர்களோ என்று தோன்றுகிறது. அடித்தாலும் அது காயத்தால்தான் இருக்கலாம், ஆனால் காயம் காரணம் என்பதால் நீங்கள் அடி வாங்க வேண்டும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. கத்தி, அரிவாள்மனையை உள்ளே எடுத்து வையுங்கள். வாசல் பக்கம் நில்லுங்கள், போன் உங்கள் இடுப்பில் இருக்கட்டும், எந்த நேரம் வந்தாலும் கதவைத் திறக்கும் ஒரு பக்கத்து வீட்டை இன்றே பேசி வையுங்கள், பையனுக்கும் அந்த வீடு தெரிய வேண்டும். 181 பெண்களுக்கான உதவி எண், 112 போலீஸ். ஒரு முறை நடந்திருந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

அத்தையைப் பற்றி எழுதியதில் உங்கள் கோபம் தெரிகிறது, நியாயமான கோபம். ஆனாலும் அவர் பெற்ற பிள்ளையை இழந்திருக்கிறார், உங்களைப் போலவே, அதைச் சொல்ல அவருக்கு வேறு வார்த்தை கிடைக்காமல் உங்களைக் குற்றம் சொல்கிறார். மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள், ஸ்கேனைக் காட்டி மருத்துவர் வாயாலேயே கேட்கட்டும், நீங்கள் சொல்வதைவிட அது ஏறும். குணசீலம் போகலாம், தாராளமாகப் போகலாம், கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துக் காலையிலேயே தரிசனம் முடித்துவிட்டு வாருங்கள். 48 நாள் தங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், பழக்கமில்லாத இடமும் சத்தமும் அவரை மோசமாக்கும், மாத்திரை தவறும். அங்கே இருக்கும் பெருமாள் ஈரோட்டிலும் இருக்கிறார் என்று அத்தையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கொழுந்தனாரிடம் ‘கொஞ்சம் உதவி பண்ணுங்க’ என்று பொதுவாகக் கேட்டால் ‘சொல்லுங்க அண்ணி, எப்ப வேணாலும்’ என்று சொல்லிவிட்டு வரமாட்டார், கெட்ட எண்ணத்தால் இல்லை, என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. நாளும் மணியும் வேலையும் சொல்லிக் கேளுங்கள். ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை அண்ணனோடு உட்கார வேண்டும், மாதத்தின் முதல் சனிக்கிழமை முடிவெட்டக் கூட்டிப் போக வேண்டும். நாத்தனார் பணம் அனுப்புவதாகச் சொன்னாரே, அந்தப் பணத்தில் வாரம் மூன்று காலை வேளைக்கு ஒரு ஆளை வையுங்கள், அந்த நேரத்தில் மறுபடி தையல் மெஷினில் உட்காருங்கள். வருமானத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த மெஷினில்தான் நீங்கள் யாருடைய நர்ஸாகவும் இல்லாமல் இருக்கிறீர்கள்.

பையனிடம் உண்மையைச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மூளைக் காயம் என்றால் புரியும். அப்பாவுக்குத் தன் மேல் வெறுப்பு என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான், நான் பார்த்த பிள்ளைகளில் பலர் அப்படி நினைத்தவர்கள். அப்பாவைக் காவல் காக்கும் வேலையை மட்டும் அவனிடம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், ஒரே ஒரு வரியில் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள்: “பொண்டாட்டியா இருக்கேனா, அம்மாவா இருக்கேனான்னே தெரியல.” குளிக்க எழுப்பி, சோறு போட்டு, திட்டு வாங்கிய அதே ராத்திரி அவர் தொட வரும்போது உடம்பு சுருங்கிப் போவது இயல்பு. முன்மூளைக் காயத்தில் சிலருக்கு ஆசை அற்றுப்போகும், சிலருக்குக் கட்டுப்பாடில்லாமல் வரும், அதையும் மருத்துவரிடம் கேட்கலாம், அவர்களுக்கு இது புதிது இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், தனிக் கட்டிலில் படுப்பது துரோகம் ஆகாது.

விபத்து வழக்கு நடப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இதைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் வீட்டுக்காரர் நடந்து வந்து நாற்காலியில் உட்காருவார், பெயர் கேட்டால் சொல்வார், பார்க்கிறவர்கள் ஊனம் குறைவு என்று எழுதிவிடுவார்கள். அதனால் நினைவு, முடிவெடுப்பது, நடத்தை ஆகியவற்றை அளக்கும் நரம்பு உளவியல் பரிசோதனை அறிக்கை ஒன்று வேண்டும், பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் செய்கிறார்கள், பெரிய அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலத் துறையிலும் விசாரியுங்கள். கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டியிருப்பதற்கான செலவையும் இழப்பீட்டில் கேட்கலாம், தலைக்காயம் பட்ட ஒரு சிறுமியின் வழக்கில் அந்தச் செலவை எதிர்கால வருடங்களுக்கும் கணக்கிட்டு உச்ச நீதிமன்றம் 2020-இல் கொடுத்திருக்கிறது. இதை உங்கள் வக்கீலிடம் கேளுங்கள், நீங்கள் விட்ட தையல் வருமானத்தையும் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழைப் பொறுத்தவரை, 2016-ஆம் வருடச் சட்டத்தின் 21 வகைகளில் மூளைக் காயம் என்று தனி வகை இல்லை, யாராவது அதைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் வந்துவிடாதீர்கள், நினைவும் நடத்தையும் பாதிக்கப்பட்டிருப்பதை மனநல மருத்துவர் மனநோய்ப் பிரிவில் மதிப்பிட முடியும். அந்தச் சொல்லுக்கு வீட்டில் பயப்படுவார்கள். சலுகைக்கான ஒரு வகைப்பெயர் அது, அவ்வளவுதான்.

பழையபடி ஆவாரா? முழுக்கப் பழையபடி என்று எதிர்பார்க்க வேண்டாம். வேகமான முன்னேற்றம் பெரும்பாலும் முதல் ஆறு மாதம், ஒரு வருடத்தில் வருவது, உங்களுக்கு அது கடந்துவிட்டது. ஆனால் அதோடு கதவு மூடிவிடுவதில்லை, மெதுவாக வந்துகொண்டிருக்கும், ஒழுங்கான நாளும் பழகிய வேலையும் அதற்கு உதவும். 1848-இல் அமெரிக்காவில் பினியஸ் கேஜ் என்ற ரயில்பாதைத் தொழிலாளியின் முன்மூளையை ஒரு இரும்புக் கம்பி துளைத்துக்கொண்டு போனது, குணமே மாறிவிட்டது என்று நண்பர்கள் சொன்னார்கள், மருத்துவம் படித்தவர்கள் எல்லோருக்கும் அதுவரை தெரியும். பிறகு அவர் சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதைப் பலர் சொல்வதில்லை. பழகிய அதே வழி, ஒழுங்கான அதே வேலை. உங்கள் வீட்டுக்காரரைத் தறி பக்கம் இப்போது விடக்கூடாது, ஆபத்து, ஆனால் நூல் கோன்களை நிறம் பிரித்து அடுக்குவது, முடிந்த துணியை எண்ணி மடிப்பது மாதிரி ஏதாவது ஒன்றை, காலையில் ஒரு மணி நேரம், யாராவது கூட இருக்க, பட்டறை முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரே நாளில் இவ்வளவும் முடியாது, தெரியும். இந்த வாரம் இரண்டு மட்டும் போதும், மருத்துவரிடம் அந்த மாத்திரையைப் பற்றிக் கேட்பது, கொழுந்தனாருக்குப் போன் போடுவது. மருத்துவமனைக்குப் போகும்போது உங்கள் பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள், தலை சுற்றுகிறது என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு இரண்டு மணிக்குக் கொழுந்தனார் வந்து உட்கார்ந்ததும் பாத்திரம் கழுவப் போகாதீர்கள், துணி ஊறப்போடாதீர்கள். பக்கத்து வீட்டிலோ அம்மா வீட்டிலோ போய் ஐந்து மணி வரை தூங்கிவிட்டு வாருங்கள்.